செலவுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்

டாலி கணக்கு மென்பொருளில் ஒரு காஸ்ட் சென்டரை, அதாவது செலவைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு தலைப்பைத் திறப்பது மிகச் சுலபம். பெயர் கேட்கும், மாற்றுப்பெயர் கேட்கும், எதன் கீழே வைக்க வேண்டும் என்று கேட்கும். கண்ட்ரோல்-ஏ தட்டினால் வேலை முடிந்தது. சாப் மென்பொருளில் இதே வேலைக்குப் போனால் திரை வேறு சிலவற்றையும் கேட்கும். இதற்குப் பொறுப்பாளர் யார்? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இது செல்லும்? பொறுப்பாளர் கட்டத்தை வெறுமையாக விட்டால் மேலே போக விடாது.

ஜெர்மன்காரர்களுக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஹான்ஸ் கியோர்க் பிளாவுட் என்பவர் அங்கே தொழிற்சாலைகளுக்குச் செலவுக் கணக்கு அமைத்துக் கொடுக்கத் தொடங்கினார். வொல்ஃப்காங் கில்கர் என்ற பேராசிரியர் அதற்கு இலக்கணம் வகுத்தார். அவர்கள் வழியில் காஸ்ட் சென்டர் என்றால் அதற்கு ஒரு தலைவர் இருக்க வேண்டும். அங்கே நடக்கும் வேலையை அளக்க ஓர் அளவும் இருக்க வேண்டும். 1972-ல் தொடங்கிய சாப், அந்தப் பழக்கத்தை மென்பொருளுக்குள் கொண்டுவந்தது. டாலி பிறந்த இடம் வேறு. ஆலைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் மூலப்பொருளும் இயந்திர உதிரிகளும் விற்றுக்கொண்டிருந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் வியாபாரக் கணக்குக்காக மகன் பாரத் கோயங்காவிடம் கேட்டு எழுதி வாங்கியது அது. 1986-ல் நிறுவனமானது. வியாபாரியின் பேரேட்டிலிருந்து வளர்ந்த மென்பொருள், யார் தரவேண்டும், யாருக்குத் தரவேண்டும் என்பதைப் பிழையில்லாமல் சொல்லும். இந்தச் செலவு ஏன் கூடியது, யாரைக் கேட்பது என்பதை நாம்தான் அதற்குள் வைக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் காஸ்ட் கணக்கு எழுதிப் பிழைக்கிற நான், புதிதாக ஒரு மில்லுக்கோ பட்டறைக்கோ டாலி அமைத்துக் கொடுக்கப் போகும்போது, திரையைத் திறக்கும் முன் ஒரு நோட்டைத்தான் திறப்பேன். இடது பக்கம் சென்டரின் பெயர், வலது பக்கம் அதற்குப் பதில் சொல்லும் ஆளின் பெயர். வலது பக்கம் நிரம்பாவிட்டால் இடது பக்கத்தை அடித்துவிடுவேன்.

இந்த வட்டாரத்துக்குக் காஸ்ட் கணக்கு எழுதுவது பொருத்தமான தொழில்தான். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து ஊரைச் சுற்றி எத்தனையோ நூற்பாலைகள் வந்துவிட்டன. சத்திரப்பட்டியில் வீட்டுக்கு வீடு தறி. மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணியும் கேஜ் துணியும் அங்கே நெய்யப்படுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் பால்கோவா. பெரிய குழுமங்களில் பெரிய மென்பொருள் ஓடுகிறது. நடுத்தர மில்லிலும் தறிப் பட்டறையிலும் பால்கோவா கடையிலும் டாலிதான்.

சட்டமும் ஒரு பக்கம் நெருக்குகிறது. கம்பெனிச் சட்டத்தின் 148-ஆம் பிரிவும், 2014-ல் வந்த காஸ்ட் பதிவேடு, தணிக்கை விதிகளும், விற்றுமுதல் 35 கோடியைத் தொட்ட ஜவுளிக் கம்பெனிகள் காஸ்ட் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. மொத்த விற்றுமுதல் 100 கோடியும், அந்தப் பொருளின் விற்றுமுதல் 35 கோடியும் ஆனால் காஸ்ட் ஆடிட்டும் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் பல இடங்களில் அந்த ஆடிட்டரைத் திருப்திப்படுத்துவதற்காக மட்டுமே சென்டர்களைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை ஒரு அறிக்கை பிறக்கும். மில்லுக்குள் இருக்கும் ஸ்பின்னிங் மாஸ்டர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவர் துறையின் செலவு அவருக்குத் தெரியாமலே கணக்காகி, அவருக்குத் தெரியாமலே ஃபைலுக்குள் போய்விடும். எனக்கு மனம் பொறுக்காத காரியம் இது.

மில்லுக்குப் பட்டியல் போடுவதை அக்கவுண்ட்ஸ் அறையில் உட்கார்ந்து செய்யக்கூடாது. பஞ்சு குடோனிலிருந்து பேக்கிங் வரை நடந்து போக வேண்டும். பேல் பிரித்து ப்ளோரூமில் போடுகிறார்கள், கார்டிங்கில் இழை பிரிகிறது, டிராயிங்கில் சீராகிறது, உயர்ந்த ரக நூல் என்றால் கோம்பர் வழியாகவும் போகிறது, சிம்ப்ளக்ஸில் தடித்த திரியாகி, ஸ்பின்னிங்கில் நூலாகி, ஆட்டோகோனரில் கோனில் ஏறுகிறது. புத்தகம் படித்தவர் இத்தனைக்கும் தனித்தனி சென்டர் போடுவார். ஆனால் பல மில்களில் ப்ளோரூமிலிருந்து சிம்ப்ளக்ஸ் வரை ஒரே ஆள்தான் பார்ப்பார். ப்ரிப்பரேட்டரி என்று மொத்தமாகச் சொல்வார்கள். அங்கே ஐந்து சென்டர் போட்டால் ஐந்துக்கும் அந்த ஒருவரே பதில் சொல்ல வேண்டும். கூலிச் சீட்டில் ஓர் ஆள் காலையில் கார்டிங்கிலும் மதியம் டிராயிங்கிலும் நின்றிருப்பார். அவர் கூலியைப் பிரிக்க டைம் ஆபீஸில் ஒருவர் தினமும் மாரடிக்க வேண்டியிருக்கும். பிரித்த எண்ணை நம்பவும் முடியாது. ப்ரிப்பரேட்டரி என்று ஒரே சென்டர் போதும். கார்டிங் கம்பி மாற்றுவது பெரிய செலவு என்பதால் கார்டிங்கை மட்டும் அதன் கீழே குழந்தையாக வைப்பேன். கோம்பர் இருந்தால் அதுவும் தனி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நடந்து போகும்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த மாசம் இங்கே செலவு கூடிப்போச்சுன்னா முதலாளி யாரைக் கூப்பிடுவார்?" ஷிஃப்ட் சூப்பர்வைசரிடமும் ஃபிட்டரிடமும் கேட்டால் உடனே பதில் வரும். மேனேஜரிடம் கேட்டால்தான் நிறுவன அமைப்பு வரைபடத்தைத் தேடுவார்.

மென்பொருளுக்குள் வந்தபின் முதலில் சரியாகப் போட வேண்டியது காஸ்ட் கேட்டகிரி. இதை இங்கே பலர் தொடுவதே இல்லை. டாலி தானாகவே 'பிரைமரி காஸ்ட் கேட்டகிரி' என்று ஒன்றைத் தரும். எல்லாவற்றையும் அதிலேயே கொட்டிவிடுவார்கள். ஸ்பின்னிங், ஆட்டோகோனர், ஏ யூனிட், பி யூனிட், நாற்பதாம் நம்பர் நூல், எண்பதாம் நம்பர் நூல், லாரி, முதலாளி வீடு, எல்லாம் ஒரே கூடையில். விளைவைப் பாருங்கள். 60,000 ரூபாய்க்கு டிராவலர் பில் வருகிறது. டிராவலர் என்பது ஸ்பின்னிங்கில் ரிங்கின் மேல் சுற்றி ஓடும் சிறு கம்பி வளையம். தேய்ந்து தேய்ந்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். இந்தச் செலவு முழுக்க ஸ்பின்னிங் துறையுடையது. இன்னொரு கோணத்தில், 40,000 ஏ யூனிட்டுக்கு, 20,000 பி யூனிட்டுக்கு. ஒரே கேட்டகிரியில் இவை எல்லாம் இருந்தால் மொத்தம் 60,000-க்கு மேல் போக டாலி விடாது. குமாஸ்தா என்ன செய்வார்? இந்த மாதம் ஸ்பின்னிங் என்று போடுவார், அடுத்த மாதம் ஏ யூனிட் என்று போடுவார். ஸ்பின்னிங்கின் கணக்கும் பாதி, யூனிட்டின் கணக்கும் பாதி. துறைக்கு ஒரு கேட்டகிரி, யூனிட்டுக்கு ஒரு கேட்டகிரி என்று பிரித்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழு 60,000 ரூபாயும் தனித்தனியாகப் பங்கிடப்படும். ஒரே பில்லை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கலாம்.

நூலின் நம்பரைச் சென்டராக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நம்பருக்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது; அது பொருள். துறையில் சேர்ந்த செலவைப் பொருளுக்குக் கொண்டுபோவது அடுத்த படி. அதற்கு ஸ்பிண்டில் மணி என்ற அளவு இருக்கிறது, ஒரு ஸ்பிண்டில் ஒரு மணி நேரம் ஓடுவது என்று. நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட நாற்பது சிட்டம் நூல் வரும். நம்பர் எண்பதானால் அதே நீளத்தின் எடை பாதியாகிவிடும். மெல்லிய நூலுக்கு முறுக்கும் அதிகம் வேண்டும் என்பதால் நூல் வெளிவரும் வேகமும் குறையும். ஸ்பிண்டில் அதே வேகத்தில் சுற்றினாலும், நாற்பதில் கிடைக்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டித்தான் எண்பதில் கிடைக்கும். கிலோவை வைத்து ஸ்பின்னிங் செலவைப் பங்கிடும் மில்லில் எண்பதாம் நம்பர் எப்போதும் கொழுத்த லாபம் காட்டும், நாற்பது நட்டத்தில் தள்ளாடும். மார்க்கெட்டில் எண்பதை விலை குறைத்துக்கூட விற்கத் துணிவார்கள். ஸ்பிண்டில் மணியில் பங்கிட்டால் உண்மை தெரியும். பருமனும் நயமுமாகப் பல நம்பர் ஓட்டும் மில்லில் இந்த ஒரு கணக்கு முதலாளியின் தூக்கத்தையே மாற்றிவிடும்.

இனி மின்சாரம். நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று. அதிலும் பெரும்பங்கு ஸ்பின்னிங்குக்கே போகும். மாதம் ஒரு பில். அதை என்ட்ரி போடும்போதே சென்டர்களுக்குப் பிரிக்க டாலியில் 'காஸ்ட் சென்டர் கிளாஸ்' என்று ஒரு வசதி உண்டு. சதவீதத்தை ஒருமுறை எழுதிவைத்தால் ஒவ்வொரு மாதமும் தானே பிரித்துக்கொள்ளும். வாடகை, இன்ஷூரன்ஸ் போன்ற அசையாத செலவுகளுக்கு அருமையான வசதி. மின்சாரத்துக்குப் போட்டால் ஆபத்து. பழைய ஃபிரேம் போய்ப் புதிய ஃபிரேம் வந்திருக்கும், ஆட்டோகோனர் கூடியிருக்கும், எப்போதோ யாரோ எழுதிய சதவீதம் மட்டும் மாறாமல் உட்கார்ந்திருக்கும். ஸ்பின்னிங் மாஸ்டர் மோட்டாரை மாற்றி, ஸ்பிண்டில் டேப்பை மாற்றி யூனிட்டைக் குறைத்துக் காட்டினாலும், சதவீதக் கணக்கில் அவருக்கு வரும் பங்கு அப்படியே இருக்கும். அவர் மிச்சம் பிடித்ததைப் பக்கத்துத் துறைகளுக்கும் பங்கு வைத்துவிடும். பிறகு அவர் ஏன் மிச்சம் பிடிக்க வேண்டும்?

அதனால் மீட்டரைப் படித்தாக வேண்டும். ஒரு மில்லில் துறைவாரி மின்சாரக் கணக்கு போட உட்கார்ந்தபோது சிம்ப்ளக்ஸின் யூனிட் நம்ப முடியாத அளவுக்கு இருந்தது. மாஸ்டர் கோபமாகவே இருந்தார். எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு பேனல் அறைக்குப் போனேன். வயதானவர், மில் தொடங்கிய காலத்து ஆள். சிம்ப்ளக்ஸ் என்று பெயிண்டில் எழுதியிருந்த ஃபீடரைக் காட்டினார்.

"இதுல சிம்ப்ளக்ஸ் மட்டுமா அண்ணாச்சி ஓடுது?"

"எங்க சார்! கேன்டீன் இதுலதான். பின்னால குவார்ட்டர்ஸுக்குப் போற லைனும் இதுலதான். முன்ன ஒரு மழைக்கு அந்தக் கேபிள் போச்சுன்னு இதுல மாத்திக் கொடுத்தோம். அப்படியே நின்னுபோச்சு."

"யாருக்கும் சொல்லலையா?"

"யாரு கேட்டா?"

குவார்ட்டர்ஸில் எரியும் விளக்குக்கும் ஓடும் ஃபேனுக்கும் அந்த மாஸ்டர் மாதாமாதம் மீட்டிங்கில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். கிளை மீட்டர் ஒன்று வாங்கி மாட்டியதும் கணக்கு நேரானது. மில் கணக்கில் யூ.கே.ஜி. என்று ஓர் அளவு உண்டு, ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்று. மீட்டர் சரியாக இல்லாமல் துறைவாரி யூ.கே.ஜி. போட்டு அறையில் ஒட்டுவது ஒரு மனிதனை எல்லார் முன்னாலும் காரணமில்லாமல் குறை சொல்வதற்குச் சமம்.

கம்ப்ரசரும் இப்படித்தான். கம்ப்ரசர் அறை ஒரு சென்டர், ஆள் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். ஆனால் காற்றில் கணிசமான பங்கை எடுப்பது ஆட்டோகோனர். அறுந்த நூலைக் காற்றால்தான் ஒட்டுகிறது. அப்படியானால் கம்ப்ரசர் செலவை ஆட்டோகோனருக்குத் தள்ள வேண்டும் என்று புத்தகம் சொல்லும். காஸ்ட் ஆடிட் அறிக்கைக்கு அப்படித்தான் தள்ளுவேன், மறுப்பே இல்லை. ஆனால் குழாயில் காற்று ஒழுகினால் ஆட்டோகோனர் சூப்பர்வைசரால் என்ன செய்ய முடியும்? அதனால் மாதாந்திர அறிக்கையில் ஒரு யூனிட் காற்றுக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுசெய்த விலையில் மட்டும் ஆட்டோகோனரிடம் வாங்குவேன். மிஞ்சிய செலவு கம்ப்ரசர் சென்டரிலேயே நிற்கும். ஒழுகலுக்கு ஃபோர்மேன் பதில் சொல்லட்டும். அதிகமாகக் காற்றைச் செலவழித்ததற்கு சூப்பர்வைசர் பதில் சொல்லட்டும்.

காற்றாலை வைத்திருக்கும் மில்களில் இன்னொரு சிக்கல் வரும். முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலை. மின்வாரியத்தின் கம்பி வழியாக மில்லுக்குக் கணக்கில் வரும் மின்சாரம். மே முதல் செப்டம்பர் வரைதான் காற்று. சொந்த மின்சாரத்தை உற்பத்திச் செலவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது காஸ்ட் கணக்கு விதி. விதிப்படி மாதாமாதம் போட்டால் ஜூலையில் ஸ்பின்னிங் ஜொலிக்கும், ஜனவரியில் மங்கிவிடும். மாஸ்டர் இரண்டு மாதமும் ஒரே மாதிரிதான் வேலை பார்த்திருப்பார். காற்றை அவர் கூப்பிட முடியாது. துறைகளுக்கு ஆண்டு சராசரி விலை. ஏற்ற இறக்கம் முழுவதும் காற்றாலை சென்டரில். அதற்கு எதிரே முதலாளியின் பெயரையே எழுதுவேன். கடன் வாங்கிக் காற்றாலை போடலாம் என்று முடிவெடுத்தவர் அவர்தானே. எந்த முதலாளியும் இதை மறுத்ததில்லை.

யாராலும் பதில் சொல்ல முடியாத செலவும் உண்டு என்பதை 2008-ல் பார்த்தோம். அந்த நவம்பரில் உயர் அழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு வந்தது. பிறகு பல ஆண்டுகள் ஜெனரேட்டர் சத்தத்தில்தான் இந்த ஊர் நூல் நூற்றது. டீசல் செலவைத் துறைகளுக்குப் பிரித்தபோது எல்லாத் துறையின் அறிக்கையும் சிவப்பாகிவிட்டது. எல்லாம் சிவப்பானால் எதையும் பார்க்க மாட்டார்கள். டீசலில் சாதாரண மின்கட்டணத்துக்குச் சமமான பகுதியை மட்டும் துறைகளுக்கு விட்டு, அதற்கு மேல் போன தொகையை 'மின்வெட்டு' என்ற தனி வரியாக நிறுத்தினேன். அந்த வரியை யாரிடமும் விளக்கம் கேட்பதற்காக வைக்கவில்லை. ஜெனரேட்டரை ஓட்டுவதா, ஷிஃப்டை நிறுத்துவதா என்று முடிவெடுப்பதற்காக வைத்த வரி அது.

கோம்பரைத் தனியாக வைப்பதன் காரணம் கழிவு. குட்டை இழைகளைச் சீவி எடுப்பதுதான் அதன் வேலை. எடுத்த இழை குப்பை இல்லை. ஓப்பன் எண்டு மில்கள் விலை கொடுத்து வாங்கும் சரக்கு. பல அலுவலகங்களில் கழிவு விற்ற பணம் 'இதர வருமானம்' என்று நேராக லாப நட்டக் கணக்குக்குப் போய்விடும். பஞ்சு குறைந்த பழி கோம்பருக்கு, விற்ற பணம் யாருக்கும் இல்லை. ஒவ்வொரு கழிவும் எந்தத் துறையில் பிறந்ததோ அந்தத் துறைக்கே வரவு வைக்க வேண்டும். டாலியில் விற்பனைக் கணக்குகளுக்கும் காஸ்ட் சென்டர் பொருந்தும் என்று லெட்ஜரில் ஒரு முறை 'யெஸ்' போட்டால் போதும்.

'பொது' என்ற பெயரில் ஒரு சென்டர் எல்லா இடத்திலும் இருக்கும். என்ட்ரி போடும் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் அங்கேதான் போடும். அவசரத்தில் வேறென்ன செய்யும்? அந்தப் 'பொது' ஆண்டு முடிவில் பெரிய துறைகளைவிடப் பெரியதாகி நிற்கும். அதை எடுத்துவிட முடியாது. அதற்கும் ஓர் ஆளைப் போடுவேன்: அக்கவுண்ட்ஸ் மேனேஜர். தன் பெயரில் தொகை ஏறுவதைப் பார்த்தால் அவரே ஸ்டோரில் போய் இன்டென்ட் சீட்டில் துறையின் பெயர் இல்லாமல் சாமான் கொடுக்காதே என்று சொல்லிவிடுவார். ஸ்டோர் சீட்டு சரியாக இல்லாமல் எந்த மென்பொருளும் சரியாக இருக்காது. ஸ்டாக் ஜர்னலில் சாமானை நகர்த்திவிட்டால் சரக்கு இருப்பு குறையும், துறையின் செலவில் ஏறாது. ஸ்டோர் வழங்கல் சுருக்கத்தை மாதக் கடைசியில் ஒரு ஜர்னலாகத் துறைவாரியாகப் போட்டாக வேண்டும்.

சென்டரின் பெயர்களில் நான் கண்டிப்பு. மாற்றுப்பெயர் கட்டத்தில் மூன்று இலக்க எண் கொடுத்துவிடுவேன். 100 வரிசை ப்ரிப்பரேட்டரி, 200 ஸ்பின்னிங், இப்படி. இல்லாவிட்டால் 'Spg', 'Spinning', 'Spinning Dept' என்று ஒரே துறை மூன்று பிறவி எடுத்துவிடும். ஒருமுறை வவுச்சரில் பயன்படுத்திய சென்டரை அழிக்க முடியாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: டாலியில் ஒரு சென்டரை வேறொரு தலைப்பின் கீழ் மாற்றினால், நேற்று வரை போட்ட கணக்கும் சேர்ந்து இடம் மாறும். சாப் போலத் தேதி எல்லை அதற்குக் கிடையாது. ஆகஸ்டில் மாற்றினால் ஏப்ரலில் அச்சடித்துக் கொடுத்த அறிக்கைக்கும் இன்றைய திரைக்கும் ஒத்துப்போகாது. மாற்றம் எதுவானாலும் ஏப்ரல் 1-ல்தான்.

சத்திரப்பட்டியில் நோட்டின் வலது பக்கம் வேறு மாதிரி நிரம்பும். ஒரு குடும்பம், தறிக் கொட்டகையை அண்ணன் பார்க்கிறார். வெளியே போய் ப்ளீச்சாகி வந்த துணியை வெட்டி, சுருட்டி, பாக்கெட் போடும் பகுதியைத் தம்பி மனைவி பார்க்கிறார். அண்ணன் தறிக்குத் தறி சென்டர் கேட்டார். கம்ப்யூட்டர் விற்றவர் முடியும் என்று சொல்லியிருந்தார். முடியும்தான். ஆனால் உதிரி சாமான் மொத்தமாக வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறது. எந்தத் தறிக்கு எது போனது என்று எழுத யாரும் இல்லை, எழுதச் சொன்னால் நெசவு கெடும். தறி, ப்ளீச்சிங், பேக்கிங் என்று மூன்று போதும் என்றேன். தறிக்கு மீட்டர் அளவு, பேக்கிங்குக்கு ரோல் எண்ணிக்கை. முதல் அறிக்கையிலேயே வெட்டுக் கழிவு கண்ணில் பட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல மச்சான், துணி அகலம் ஒண்ணு போல வரலைன்னு" என்று அந்தப் பெண் சொன்னார். அகலம் கெட்டது தறியில், கழிவு விழுந்தது பேக்கிங்கில். அதுவரை வாய்ப்பேச்சாக இருந்த புகார் ரூபாயாகி முன்னால் நின்றதும் அண்ணன் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார்.

பால்கோவா கடைக்கும் இதே நோட்டுதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலைப் பக்கம் போனால் திருவண்ணாமலை. அருணாசலேசுவரர் ஊர் அல்ல. குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் திருவண்ணாமலை. எங்கள் பக்கத்தில் தென் திருப்பதி என்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அங்கேதான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, ஒரு கடைக்காரர் அடிவாரத்திலும் தற்காலிகக் கடை போட ஆரம்பித்தார்.

"கூட்டம் அள்ளுது சார். ஆனா ஐப்பசி பிறந்து பார்த்தா கையில காசு நிக்கல. போடவா, விடவா?"

அவருடைய பழைய கணக்கில் அடிவாரக் கடை என்று ஒன்றே இல்லை. பாலும் சீனியும் விறகும் ஒரே தொகையாக இருந்தன. மூன்று சென்டர் போட்டோம்: அடுப்பு, டவுன் கடை, அடிவாரம். அடுப்புக்குப் பெரிய மாஸ்டர். கிலோ பால்கோவா அளவு. டவுன் கடைக்கு அவரே. அடிவாரத்துக்கு யார் என்றேன். யோசித்துவிட்டு, "போறவன் போவான், ஒவ்வொரு வாரம் ஒவ்வொருத்தன்" என்றார். சிக்கல் அங்கேயே தெரிந்துவிட்டது. கல்லூரி முடித்திருந்த தம்பி மகன் பெயரை எழுதினோம்.

டவுன் கடை வாடகையில் ஒரு பங்கை அடிவாரத்தின் தலையில் போட வேண்டும் என்று அவருடைய மைத்துனர் வாதாடினார். நான் சம்மதிக்கவில்லை. அடிவாரக் கடை போடாவிட்டாலும் அந்த வாடகை போகத்தான் போகிறது. அடுப்பிலிருந்து வரும் சரக்கின் விலை, ஆட்டோ வாடகை, இடத்துக்கு உள்ள கட்டணம், அன்றைய ஆள் கூலி, திரும்பி வரும் சரக்கு, இவ்வளவுதான் அதன் செலவு. திரும்பி வரும் சரக்குதான் காசைத் தின்றுகொண்டிருந்தது. அதிகாலைப் படியேற்றத்துக்கு முன் வாங்குகிறவர்கள் குறைவு. தரிசனம் முடித்து இறங்குகிறவர்கள்தான் வீட்டுக்கு வாங்கிப் போகிறார்கள். முந்தின நாள் கிண்டிய சரக்கை விடியுமுன் மொத்தமாக ஏற்றி அனுப்பி, வெயில் ஏறும் வரை தகரத்தின் கீழே வைத்திருந்தார்கள். பொறுப்பு தன் பெயரில் வந்ததும் அந்தப் பையன் காலையில் கால்வாசியை மட்டும் எடுத்துப் போனான்; மீதியை அன்று கிண்டியதாக இரண்டு நடையில் வரவழைத்தான். ஆட்டோ வாடகை கூடியது. திரும்பிய சரக்கு மிகவும் குறைந்தது. அடிவாரம் லாபத்தில் நின்றது. ஆனால் சனிக்கிழமைகளில் இரட்டை அடுப்பு எரித்ததால் விறகு கூடி, பெரிய மாஸ்டரின் கிலோ கணக்கு ஏறிவிட்டது. அவர் முகம் சுண்டிப்போனது. கூடுதல் அடுப்பின் விறகை அடிவாரத்தின் பெயரில் எழுத வேண்டும் என்று அவர் கேட்டது நியாயம்; இப்போது விறகு வண்டி வரும்போதே சனிக்கிழமைக் கட்டைத் தனியாக எடை போட்டு அடுக்குகிறார்கள்.